எழுவத்திரெண்டாம் சேனல்ல ஒருத்தன்

அது செல்போன் இல்ல அண்ணாச்சி. நீங்களும் தூத்துக்குடியில பஸ் ஏறுனதுலேருந்து இதையே பாத்துக்கிட்டு வாரீக, கேக்கவா வேண்டாமான்னு ஒரு யோசனையோட. கேளுங்க, நான் என்ன கடிச்சா வச்சிருவேன்? இது வயர்லெஸ் செட்டு. கடல்ல ஒரு போட்டுலேருந்து இன்னொரு போட்டுக்குப் பேசுறது. நீங்க திருச்செந்தூரா? நான் ஆத்தூர்ல எறங்கணும். நேரம் கெடக்கு, சொல்லுதேன்.

ஒங்களுக்குத் தெரிஞ்சவுக யாராச்சும் இதை வாங்கணும்னா எங்கிட்ட அனுப்பி விடுங்க. நல்லதாப் பாத்து வாங்குறது எப்படின்னு சொல்ல ஆயிரம் பேரு இருக்கான். தப்பா வாங்குறது எப்படின்னு என்னைய மாதிரி தெரிஞ்சவன் இந்தக் கரையில எவனும் கெடையாது. பையில ரெண்டு டப்பா இருக்கு பாருங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணைப் பத்திப் பொறவு சொல்லுதேன்.

எம்பேரு கஸ்பார். சொந்தமா ஒரு பைபர் போட்டு, தூண்டில் தொழில். கூட வாரது தொம்மை அண்ணன். அவுகளுக்கு அறுவது வயசு, ஒடம்பு பூரா சக்கரை, வாயில மட்டும் கெடையாது. அதுக்கு முன்னால பதினோரு வருசம் நானும் எம் மச்சான் செர்வாசும் ஒரே போட்டுல போனோம். மச்சான்னா எம் பொண்டாட்டி ரெஜினாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன். எப்படிப் பிரிஞ்சோம்னு கேக்கீகளா? ஒரு பாருக்காண்டி. பாருன்னா கடலுக்கடியில கெடக்க பாறை நிலம், மீனு தங்குற எடம். அந்தப் பாரைக் கண்டுபுடிச்சது நான். எந் தூண்டில்தான் அதுல போயி மாட்டுச்சு. நான் அந்நேரம் தூங்கிட்டு இருந்தேன், அது வேற விசயம். மச்சான் எடத்தோட எண்ணை ஜிபிஎஸ்ல பாத்து அவன் நோட்டுல எழுதி மூடிட்டான். "என்ன எண்ணு மச்சான்"னு கேட்டா, "முழிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் மாப்ள"ங்கான்.

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. பதினோரு வருசம் அண்ணாச்சி. அன்னைக்கே எந் தூண்டில் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு வருசம் பேச்சு வார்த்தை கெடையாது. கோயில்ல அவன் முன்னால உக்காந்தா நான் பின்னால. ரெஜினா எங்கிட்ட அவனைத் திட்ட மாட்டா, அவன்கிட்ட என்னையத் திட்ட மாட்டா. ரெண்டு பேரையும் சேத்து மாதாகிட்ட திட்டுவா.

தனியாப் போக ஆரம்பிச்சப்பொறவு தொழில் என்னான்னா, சொல்லுற மாதிரி இல்ல. அப்பதான் ரெஜினா சேத்து வச்சிருந்ததை எங்கையில குடுத்து, "ஒரு வயர்லெஸ் வாங்கிட்டு வாங்க, நல்லதா வாங்குங்க, ஆபத்துன்னா கூப்பிடவாவது ஒண்ணு வேண்டாமா"ன்னா. நானும் சரின்னு தலையாட்டுனேன். அவ நெனச்சது ஆபத்தை. நான் நெனச்சது மச்சானை.

அது எப்படின்னு சொல்லுதேன். எங்க பக்கம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சேனல் உண்டு. நாலஞ்சு போட்டு சேந்து ஒரு சேனலை வச்சுக்கிடுவாங்க. எங்க மீனு படுது, எங்க படலைங்குறதெல்லாம் அதுலதான் பேச்சு. அடுத்த கூட்டத்துக்காரன் அந்தச் சேனலைத் திருப்பிக் கேக்கக் கூடாது. எழுதி வச்ச சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா கேட்டுட்டு அந்த எடத்துல போயி நின்னா ஊருல மதிக்க மாட்டாங்க. அடுத்தவன் வீட்டுச் சன்னல்ல காதை வைக்குறது மாதிரி அது. மச்சான் கூட்டம் பேசுறது எழுவத்திரெண்டாம் சேனல்ல. டீக்கடையில அவன் போட்டுல போற லேயோன் வாய்தவறிச் சொன்னதை நான் பத்திரமா மனசுல வச்சிருந்தேன்.

கடைக்குப் போனேன். மீன்பிடித் துறைமுகம் பக்கம், கடைக்காரரு பேரு நிஜாமுதீன். ரொம்பப் பொறுமைசாலி. மஞ்சக் கலர்ல ஒரு செட்டை எடுத்தாரு. எடுத்து, பக்கத்துல இருந்த வாளித் தண்ணியில போட்டுட்டாரு. எனக்குப் பதறிப்போச்சு. அது முங்கல அண்ணாச்சி, மெதக்கு. மெதந்துக்கிட்டே கரகரன்னு பேசவும் செய்யுது. "தண்ணி உள்ள போகாது, கைதவறி விழுந்தாலும் மெதக்கும், அஞ்சு வாட்டு, கடலுக்குன்னு உள்ள அத்தனை சேனலும் உள்ளேயே இருக்கு, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்"னாரு. வெலையைச் சொன்னாரு. அந்த வாளியில நான் முங்கிருவேன் போல ஆயிட்டு.

"வேற இல்லையா"ன்னேன். கறுப்பா ஒண்ணை எடுத்தாரு, வெல அதுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. "இது கரையில உள்ளவுக வாங்குறது அண்ணே. சேனல் எதுவும் உள்ள இருக்காது, நாமதான் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். பத்துதான் ஏத்தலாம்"னாரு. "வாளியில போடட்டுமா"ன்னேன். வெடுக்குன்னு புடுங்கிட்டாரு.

பத்து போதாதா? பத்து காது மாதிரில்லா. எவன் எவன் சேனல் வேணும்னு ஒரு கல்யாணப் பத்திரிக்கை பின்னால வீட்டுலேயே எழுதிட்டுப் போயிருந்தேன். மச்சானுது மொதல்ல. அப்புறம் எங்க ஊரு வடக்குத்தெருக் கூட்டம், பக்கத்து ஊருக்காரனுக, விசைப்படகு ஓட்டுறவனுக. நிஜாமுதீன் பட்டியலைப் படிச்சுட்டு, கண்ணாடிக்கு மேல என்னையப் பாத்தாரு. "இதுல பதினாறு இல்லையே அண்ணே"ன்னாரு.

"பதினாறுல என்ன பேசுவாக?"

"ஒண்ணும் பேச மாட்டாக. ஆபத்துன்னாதான் பேசுவாக. அது ஒலகம் பூரா அதுக்குன்னு ஒதுக்குனது. கப்பல்காரன், கோஸ்ட் கார்டு எல்லாரும் அதுல ஒரு காதை வச்சிருப்பாக. ஒரு எடத்தை அதுக்கு விடுங்க."

"ஒண்ணும் பேசாத சேனலுக்கு நான் எதுக்குய்யா ஒரு எடத்தை வீணாக்கணும்?"ன்னேன். சொன்னேன் அண்ணாச்சி, இதே வாயாலதான் சொன்னேன். அந்தப் பத்தாவது எடத்தை யாருக்குக் குடுத்தேன்னு நெனைக்கீக? நண்டு வலைக்காரனுகளுக்கு. அவனுக பேசுறதுல நண்டைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது, பூராவும் மாமியா மருமக சண்டை. மிச்சத்துக்கு ஒரு கூலிங் கிளாஸும் வாங்குனேன். ரெஜினா செட்டைப் பாத்துட்டு, "இதுதான் நல்லதா"ன்னா. "இதைவிட நல்லது கப்பல்லதான் இருக்கும்"னேன்.

செட்டு வாங்குனதை ஊருக்குள்ள மூச்சு விடல. நான் கேக்கேன்னு தெரிஞ்சா எல்லாவனும் வாயை மூடிருவானே. பாலிதீன் கவர்ல சுத்தி, சோத்துச் சட்டிக்குள்ள வச்சுக் கொண்டுபோவேன். கடல்ல ஏறுனதும் எடுத்து காதுல வைப்பேன். தொம்மை அண்ணன் என்னையப் பாத்து, "ஒரு மனுசன் சோத்துச் சட்டியோட ரகசியம் பேசி இப்பத்தான் பாக்கேன்"னாக.

மொத ரெண்டு வாரம் ஒண்ணும் பிரயோசனம் இல்ல. மச்சான் ஆளுக கெட்டிக்காரனுக, சேனல்லயும் மூடி மறைச்சுதான் பேசுவானுக. "அந்த எடம்", "போன வாரம் போன எடம்", இப்படி. எந்த எடம்டான்னு எனக்குத் தலை வெடிக்கும்.

மூணாவது வாரம் ஒரு நாள் செட்டை இடுப்புல, சாரத்துக்குள்ள சொருகிட்டு உக்காந்திருந்தேன். தொம்மை அண்ணன்கிட்ட ஏதோ பேசிட்டு இருந்தேன், ஏதோ வீட்டு விசயம். விடிய விடிய சார்ஜ் போட்ட பாட்டரி, பத்து மணிக்கெல்லாம் செத்துப்போச்சு. கரைக்கு வந்ததும் நேரா பஸ் ஏறிப் போயி நிஜாமுதீன்கிட்ட ஒரு சத்தம் போட்டேன். அவரு செட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பேசுற பட்டனை ரொம்ப நேரம் அமுக்கிட்டு இருந்தீகளோ"ன்னாரு. "நான் பேசுறதுக்கா இதை வாங்குனேன்?"னு கேட்டுட்டு வந்துட்டேன்.

ஆனா பாருங்க, அதுக்கடுத்த நாள்லேருந்து எனக்கு அதிஷ்டம். மச்சானுக்கு என்ன கோட்டி புடிச்சதோ, தெரியல. சேனல்ல தெளிவா எண்ணோட பேச ஆரம்பிச்சுட்டான்! எந்தத் திசை, எத்தனை பாகம் ஆழம், என்ன மீனு, எல்லாம். "ஏலே லேயோனு, தெக்க இந்த எண்ணுல வெளமீனு படுது"ன்னு ஒரு தடவை சொல்லுவான். அப்புறம் பைய, நிறுத்தி நிறுத்தி, மறுபடியும் ஒரு தடவை சொல்லுவான். நான் எழுதி முடிக்கவும் அவன் சொல்லி முடிக்கவும் சரியா இருக்கும். நான் தொம்மை அண்ணன்கிட்ட, "பாத்தீகளா, எதிரி வாயாடியா இருந்தா நமக்குக் கொண்டாட்டம்"னேன். அவுக கடலைப் பாத்துக்கிட்டு இருந்தாக.

ஒரே ஒரு தொந்தரவு. அவனும் லேயோனும் பேசி முடிக்கும்போதெல்லாம் கீ...ன்னு ஒரு சத்தம், காதே கிழிஞ்சிரும். மட்டமான செட்டு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

அஞ்சாறு மாசம் அண்ணாச்சி. அவன் சொல்லுற எடத்துக்கு அவன் வாரதுக்கு முன்னால போவேன். பெரிய மீன்பாடு இல்ல, ஆனா வெறுங்கையோட திரும்பல. வெளமீனு, பாறைமீனு, ஒருநாள் ரெண்டு பெரிய சீலா மீனு. என்னன்னா, அவன் சொல்லுற எடத்துல அவன் போட்டு ஒருநாளும் வந்து நிக்காது. எனக்குப் பயந்துக்கிட்டு ஒதுங்கிப் போறான்னு நெனச்சேன். கூலிங் கிளாஸை மாட்டிக்கிட்டு கரையில நடப்பேன். கோயில் பெருநாளுக்கு அவன் முன்னால நின்னு வேணும்னே சிரிச்சேன். அவனும் லேசாச் சிரிச்சான். தோத்தவன் சிரிப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆடி மாசம் வந்துச்சு. எங்க பக்கம் ஆடியில கச்சான் காத்து, அதான் மேல்காத்து, கரையிலேருந்து கடலைப் பாத்து அடிக்கும். அதுல மாட்டுனா போட்டைக் கெழக்க, உள்ளுக்குத் தள்ளிக்கிட்டே போயிரும். அன்னைக்குக் காலையில சேனலைத் திருப்புனேன். மச்சான் கொரலு. "ஏலே லேயோனு, இன்னைக்கு எவனும் கெழக்க போயிராதீக. மத்தியானத்துக்கு மேல காத்து பெலமா வரும். கரையை ஒட்டித் தெக்க நில்லுங்க." ரெண்டு தடவை சொன்னான். "கேட்டுச்சா"ன்னும் ஒரு தடவை கேட்டான்.

நீங்களா இருந்தா என்ன செய்வீக? தெக்க போவீக. ஒங்களுக்கு மண்டையில மூளை இருக்கு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அஞ்சு மாசமா எங்க போகணும்னு சொன்னவன் இன்னைக்கு எங்க போகக் கூடாதுன்னு சொல்லுதான். அப்ப அந்தப் பழைய பாரு, நான் தூங்கும்போது கண்டுபுடிச்ச பாரு, அது கெழக்கதான் இருக்கு! இன்னைக்கு அதுல மீனு கொதிக்குது, அதான் ஆளுகளை ஒதுக்குதான். தொம்மை அண்ணன், "செர்வாசு காத்தைப் பத்திப் பொய் சொல்ல மாட்டான்ல"ன்னாக. "ஒங்களுக்கு அவனைத் தெரியாது"ன்னேன். கெழக்க விட்டேன் போட்டை.

எந்தப் பாரும் இல்ல. பதினோரு மணிக்கு எஞ்சின் விசிறியில எவனோ அறுத்துவிட்ட வலைக்கயிறு சுத்தி, உள்ள இருக்க பின்னு ஒடஞ்சிட்டு. மாத்துப் பின்னு ஒண்ணு எப்பவும் கையில இருக்கணும். இருந்துச்சு, வீட்டுல பீரோ மேல. பன்னெண்டரைக்குக் காத்து எளும்பிட்டு. மச்சான் சொன்னதுக்கு ஒரு அரைமணி நேரம்கூடத் தப்பல. நங்கூரக் கயிறு அந்த ஆழத்துக்கு எட்டல. போட்டு கெழக்க போகுது. செல்போன்ல ஒரு கோடுகூட இல்ல.

செட்டை எடுத்தேன். எழுவத்திரெண்டைத் தவிர மத்த ஒம்பது எடத்துலயும் கூப்பிட்டேன். எட்டல, எவனும் பேசல. நண்டு வலைக்காரனுககூட வாயை மூடிட்டானுக. பதினாறு இருந்தா ஒரு கப்பல்காரனாவது கேட்டிருப்பான். நிஜாமுதீன் கண்ணாடிக்கு மேல பாத்த பார்வைதான் கண்ணுக்கு முன்னால நிக்கி. இன்னும் எழுவத்திரெண்டு ஒண்ணுதான் பாக்கி. அதுல பேசுனா என்ன அர்த்தம்? இத்தனை நாளா நான் கள்ளத்தனமா ஒங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்னு நானே மைக் போட்டுச் சொல்லுற மாதிரி. ஊருல எப்படி நடக்க? அவன் முன்னால எப்படிச் சிரிக்க?

இதைச் சொல்லுறதுக்கு எனக்கு இன்னும் கூசுது. ரெண்டு மணி இருக்கும், எழுவத்திரெண்டுல ஒரு கொரலு. தூரத்துல, கரகரன்னு. மச்சான்தான். "கெழக்க எவனாச்சும் கெடந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா." கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும், "கெழக்க எவனாச்சும் கெடக்கீகளா?" நான் செட்டைக் கையில வச்சுக்கிட்டு பேசாம இருந்தேன் அண்ணாச்சி. அவன் வேற எவனையோ கூப்பிடுதான், என்னைய இல்ல, எனக்குச் செட்டு இருக்குறதே அவனுக்குத் தெரியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சாகப்போறவனுக்கு எவ்வளவு வீம்பு பாருங்க.

நான் ஒருத்தன்னா அப்படியே போயிருப்பேன், சத்தியமா. மூணரை மணிக்கு தொம்மை அண்ணன் நடுங்க ஆரம்பிச்சாக. வெயில்ல குளிர்ந்த மாதிரி வேர்வை. மத்தியானச் சாப்பாட்டுச் சட்டி அலையில கவுந்துபோச்சு. மாத்திரை காலையிலயே போட்டிருந்தாக. சக்கரை எறங்கிட்டு, இனிப்பா ஏதாவது குடுக்கணும்னு எனக்குத் தெரியும். அவுக எப்பவும் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொண்டு வருவாக. அதைக் காலையில, மீனுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது நான்தான் தின்னுருந்தேன். பூராவும். அவுக என்னையப் பாத்து, "எப்பா, வீட்டுக்குப் போவமா"ன்னாக. என்னைய அவுக அப்பான்னு நெனச்சுக்கிட்டாக. எனக்கு அழுகை வந்துட்டு. நெசமாவே பயந்துட்டேன்.

பட்டனை அமுக்குனேன். அப்பவும் எம் புத்தி என்ன செஞ்சுச்சு தெரியுமா? கொரலை மாத்துனேன். மூக்கை அமுக்கிக்கிட்டு, "ஹலோ, ஹலோ, இது கன்னியாகுமரிப் போட்டு, வழி தப்பி வந்துட்டோம், ஒரு ஆளுக்கு ஒடம்பு முடியல"ன்னேன்.

பட்டனை விட்டேன். அப்புறம் மச்சான் கொரலு, கிட்டக்க, தெளிவா. "மாப்ள, மூக்கை விட்டுட்டு ஜிபிஎஸ் எண்ணைச் சொல்லு."

சொன்னேன். ஒரு பாரோட எண்ணுக்காண்டி பகைச்சுக்கிட்டு வந்த நான், அன்னைக்கு எடத்தோட எண்ணை மூணு தடவை படிச்சேன். அவன் ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொன்னான். "தொம்மையைப் படுக்க வை, தலையை நனைச்சு விடு, நான் வாரேன். செட்டை அமத்திராத"ன்னான். முக்கா மணி நேரத்துல அவன் போட்டு தெரிஞ்சுச்சு. வந்ததும் என் மூஞ்சியைப் பாக்கல. தொம்மை அண்ணன் வாயில ஒரு வாழைப்பழத்தைப் பிச்சுப் பிச்சு வச்சான். அவுக கண்ணு முழிச்சு, "கடலை மிட்டாய் எங்கலே"ன்னு கேட்டப்பொறவுதான் எம் போட்டுல கயிறு கட்டுனான்.

கரைக்குக் கொண்டுபோற வழியில நான் அவன் போட்டுல ஒரு ஓரமா உக்காந்திருந்தேன். அங்க ஒரு புதுச் செட்டு, எஞ்சின் பக்கத்துல நல்லா முடுக்கி வச்சிருக்கு. அதுல எழுவத்தேழுன்னு நிக்கி, அவன் கூட்டத்து ஆளுக அத்தனை பேரும் அதுல பேசுதானுக. பக்கத்துல ஒரு ஆணியில ஒரு பழைய கைச்செட்டு தொங்குது, பாட்டரியைச் சுத்தி ரப்பர் போட்டு. அதுல எழுவத்திரெண்டு. லேயோனைப் பாத்தேன். அவன் மச்சான் முதுகைப் பாத்துட்டு, எங் காதுகிட்ட வந்து சொன்னான்.

"அண்ணே, அன்னைக்கு ஒருநாள் ஒங்க பட்டனு அமுங்கிப்போயி நீங்க பேசுனது பூராவும் எங்களுக்குக் கேட்டுச்சு. மொத அரைமணி நேரம் அண்ணனைத் திட்டுனீக, நாங்கல்லாம் சிரிச்சோம். அப்புறம் அழுதீக."

ஆமா அண்ணாச்சி. வீட்டு விசயம்னு ஒங்ககிட்ட சொன்னேன்ல, அதுதான். ரெஜினா விடியக்காலம் எறா உரிக்குற கம்பெனிக்குப் போறா, கேட்டா பொழுதுபோகலன்னு போறேன்னு பொய் சொல்லுதா, எனக்கு அவ மூஞ்சியில முழிக்க முடியலன்னு தொம்மை அண்ணன்கிட்ட அழுதேன். மச்சான்கூட போன பதினோரு வருசத்துல ஒருநாளும் வெறுங்கையோட வந்ததில்லன்னும் சொன்னேன். அவன்கிட்ட போயி நிக்குறதுக்குக் கடல்ல விழுந்திரலாம்னும் சொன்னேன்.

அன்னைக்கே மச்சான் ஆளுகளையெல்லாம் எழுவத்தேழுக்கு மாத்திட்டான். எழுவத்திரெண்டுல இருந்தது ரெண்டே பேரு. நானும் அவனும். தெனமும் காலையில அவன் போட்டுல பின்பக்கம் நின்னுக்கிட்டு ஒரு செட்டுல பேசுவானாம், அதே போட்டுல முன்னால உக்காந்துக்கிட்டு லேயோன் இன்னொரு செட்டுல, "சரிண்ணே, சரிண்ணே"ம்பானாம். கிட்டக்கிட்ட ரெண்டு செட்டு இருந்தா கீன்னு கத்துமாமே, அந்தச் சத்தம்தான் நான் கேட்டது. ஒரே போட்டுல போறவன்கிட்ட பேச எதுக்கு வயர்லெஸ்னு எனக்கு ஒருநாளும் தோணல. எனக்கு ஒருத்தனுக்காண்டி தெனம் நாடகம் போட்டிருக்கானுக அண்ணாச்சி. எம் மச்சான் நல்ல எடமாப் பாத்துச் சொல்லிட்டு, அவன் அந்தப் பக்கம் வராம வேற எடத்துக்குப் போயிருக்கான்.

"இன்னைக்கு நீங்க தெக்க நிக்கலைன்னதும் அண்ணன் தூண்டிலைச் சுருட்டிட்டு கெழக்க விட்டாக. ராத்திரியும் அந்தச் செட்டை அமத்த விட மாட்டாக. அவன்கிட்ட பதினாறு இல்ல, கத்துனா இதுலதான் கத்துவான்னு சொல்லுவாக"ன்னான் லேயோன். பதினாறு இல்லைங்குறது மச்சானுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். நிஜாமுதீன் கடையிலதான் அவனும் அந்தப் புதுச் செட்டை வாங்கியிருக்கான், அவருதான் என் பட்டியலைப் பத்திச் சொல்லியிருக்காரு. இப்ப அவன்கிட்ட ரெண்டு செட்டு அண்ணாச்சி. ஒண்ணு தொழிலுக்கு. இன்னொண்ணு எனக்கு.

அதுக்கப்புறம் என்னன்னு கேக்கீகளா? நல்லா கேட்டீக. பேசிட்டோமான்னா, இல்ல. கரையில இன்னும் பேசல. ரெண்டு வருசப் பகை, சும்மா அப்படியே விட்டுற முடியுமா, எனக்குன்னு ஒரு இது இருக்குல்ல. எதிர்ல வந்தா அவன் அந்தப் பக்கம் பாப்பான், நான் இந்தப் பக்கம் பாப்பேன். ஆனா காலையில கடல்ல ஏறி எழுவத்திரெண்டைத் திருப்புனா, "மாப்ள, வந்துட்டியா"ம்பான். "வந்துட்டேன் மச்சான்"பேன். அப்புறம் கரையேறுற வரைக்கும் பேச்சு நிக்காது. ரெஜினாவுக்குத் தெரிஞ்சு தலையில அடிச்சுக்கிட்டா. அந்தப் பாரோட எண்ணை மட்டும் இன்னும் சொல்ல மாட்டேங்கான். கேட்டா, "முழிச்சிருந்தா"ங்கான்.

இன்னைக்கு நல்ல செட்டு வாங்கிட்டேன். இந்தா பாருங்க, மஞ்சக் கலரு. நானே வாளியில போட்டுப் பாத்துத்தான் வாங்குனேன். நிஜாமுதீன் கேக்குறதுக்கு முன்னால, "மொதல்ல பதினாறு காட்டுங்க"ன்னேன். காட்டுனாரு. "அப்புறம் எழுவத்திரெண்டு"ன்னேன். அந்தக் கறுப்புச் செட்டை ரெஜினா சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கா, நான் சாப்புட உக்காரும்போதெல்லாம் கண்ணுல படுற மாதிரி.

ரெண்டாவது டப்பாவா? மச்சானோட பழைய செட்டுக்குப் பாட்டரி ஊதிப்போச்சு. போன வாரம் பேசிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு தடவை நின்னுட்டு. அந்தச் சேனல்ல அவன் இல்லைன்னா எனக்குக் கடல்ல கைகாலு ஓடல அண்ணாச்சி, அதான் அவனுக்கும் ஒரு மஞ்சச் செட்டு. எங்கையால குடுக்க மாட்டேன், தொம்மை அண்ணன்கிட்ட குடுத்து விடுவேன். கடையில ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா குடுத்தாகன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். அவன் நம்பிருவான்.

ஆத்தூர் வந்துட்டு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பைய, பைய, அடியில இருக்குறது மச்சானுது.